முகரக் கூடாத கூடை

டீசலுக்கு நாற்றம் உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கு ருசியும் உண்டு என்பது எங்கள் துறையில் படகு ஏறியவர்களுக்கு மட்டும்தான் தெரியும். அக்கரையில் இறங்கியதும் டீக்கடையில் ஒரு காபி வாங்குவேன். முதல் வாய், நாக்கில் படிந்த எண்ணெயைக் கழுவுவதற்கே போய்விடும். இரண்டாவது வாயில்தான் காபி என்று தெரியும். இருபத்திரண்டு வருஷம் அப்படித்தான் குடித்தேன்.

எங்கள் ஊர் காவிரியின் தென்கரையில், திருச்சியிலிருந்து கரூர் போகும் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஸ்ரீரங்கம். துறையில் நின்றால் கிழக்கே ராஜகோபுரத்தின் தலை தெரியும். கோடையில் மணலில் நடந்தே போய்விடலாம். மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டால் படகுதான். பாலம் வழியாகப் போகலாமே என்று கேட்பவர்கள் கூடை சுமந்து பஸ் ஏறியதில்லை. ஊரிலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு பஸ், அங்கே காத்திருந்து ஸ்ரீரங்கத்துக்கு இன்னொரு பஸ். கூடையைப் பார்த்ததும் கண்டக்டருக்கு முகம் சுருங்கும். "ஈரக் கூடையெல்லாம் ஏத்தாதீங்கம்மா, பஸ்ஸெல்லாம் தண்ணி" என்பார். அவர் மனமிரங்கி ஏற்றினாலும் போய்ச் சேர்வதற்குள் பூஜை நேரம் தாண்டிவிடும்.

கூடையில் இருப்பது துளசி. எங்களுக்கு அரை ஏக்கர் துளசியும் கொஞ்சம் வாழையும் உண்டு. வாழை என் கணவர் பாடு, துளசி என் பாடு. பறிப்பதெல்லாம் ஒரே வீட்டுக்குத்தான் போகும். உத்தர வீதியில் இருக்கும் ஒரு பெரியவர், சாமி என்றுதான் கூப்பிடுவோம், பக்கத்திலுள்ள சின்ன சன்னிதி ஒன்றுக்குத் தினமும் துளசி மாலை கட்டித் தருகிறவர். அவர் வாயில் துளசி என்ற சொல் வராது. திருத்துழாய் என்பார். "திருத்துழாய் எழுந்தருளியாச்சா?" என்று கேட்டுக்கொண்டே வாசலுக்கு வருவார். முதல் தடவை கேட்டபோது, யாரோ பெரிய மனிதர் வரவேண்டியிருக்கிறது போலும் என்று நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன்.

சாமிக்குப் போகும் பூவையும் துளசியையும் நாங்கள் மோந்து பார்ப்பதில்லை. கல்யாணமாகி வந்த முதல் வாரம், ஒரு கொத்தைக் கிள்ளி மூக்குப் பக்கம் கொண்டுபோனேன். மாமியார் பட்டென்று என் கையைத் தட்டிவிட்டார். "சாமிக்கு முந்தி நீ மோந்துட்டா அது எச்சி. தின்ன மாதிரிதான்" என்றார். அன்றிலிருந்து பறிக்கும்போது மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு வாயால் மூச்சு விடுவேன். கூடைமேல் ஈரத்துணி போட்டு மூடித் தலையில் வைத்துக்கொண்டால் மூக்குக்கும் துளசிக்கும் சம்பந்தமில்லை. அரை ஏக்கர் துளசிக்குச் சொந்தக்காரி, துளசி வாசனை என்னவென்று கேட்டால் யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

அந்தக் கூடையைத்தான் பழைய படகில் கொண்டுபோய் இன்ஜினுக்குப் பக்கத்தில் வைப்பார்கள். அந்தப் படகைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வராது. பம்புசெட்டிலிருந்து பிடுங்கி மாட்டிய இன்ஜின். கைப்பிடி போட்டுச் சுற்றினால் இருமும், துப்பும், பிறகு கரும்புகையைக் கக்கிக்கொண்டு கிளம்பும். புகைக்குழாய், உட்கார்ந்திருக்கும் பெண்களின் முக உயரத்துக்குச் சரியாக நீட்டிக்கொண்டிருக்கும். படகின் அடியில் எப்போதும் கணுக்கால் அளவு கறுப்புத் தண்ணீர் கிடக்கும். புடவைக் கரை அதில் நனைந்தால் எந்தச் சோப்புக்கும் போகாது. மாதம் ஒருமுறை எரிந்த எண்ணெயை மாற்றுவார்கள். பழைய எண்ணெய் எங்கே போகும் என்று கேட்க வேண்டாம், ஆறுதான் பக்கத்தில் இருக்கிறதே. கீழே நாலு எட்டில் பெண்கள் மஞ்சள் பூசிக் குளித்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் தோளைச் சுற்றி வானவில் நிறத்தில் படலம் மிதக்கும்.

கூடையை முன்னால் வைக்கச் சொல்லிப் படகுக்காரரிடம் எத்தனையோ முறை கேட்டுப் பார்த்தேன்.

"ஆளு முன்னாடி, லோடு பின்னாடி. மாத்தி ஏத்துனா மூக்கு அமுங்கிரும்ங்க" என்பார். படகின் மூக்கைச் சொல்கிறார்.

"எங்க மூக்கு அமுங்கிப் பல வருஷம் ஆச்சு" என்பேன். அவர் சிரித்துவிட்டு இன்ஜினைச் சுற்றப் போய்விடுவார். கெட்ட மனிதர் இல்லை. இருமி இருமி மார்பு கூடு கட்டிவிட்டது அவருக்கும்.

துளசியில் என்ன வாசனை ஏறுகிறது என்பதை நான் கண்டுபிடித்தது ஒரு தற்செயல்தான். ஒருநாள் அக்கரையில் கூடையை இறக்கும்போது ஒரு கொத்து நழுவித் தரையில் விழுந்தது. கீழே விழுந்தது சாமிக்கு ஆகாது. சாமிக்கு ஆகாததை மோந்து பார்த்தால் தப்பில்லை. எடுத்து மோந்தேன். துளசியே அதில் இல்லை. இன்ஜின்தான் இருந்தது. ஈர இலை புகையைப் பஞ்சு மாதிரி உறிஞ்சி வைத்திருந்தது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, ஷேர் ஆட்டோ பிடித்துப் போய்ச் சாமி வீட்டில் இறக்கிவிட்டு வந்தேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதில் எனக்கு என்மேல் வந்த அருவருப்பு, படகின்மேல் வந்ததைவிடப் பெரிது.

சொல்லியிருக்கலாம்தான். ஆனால் எப்படிச் சொல்வது? நாறுகிறது என்றால், "நீ மோந்து பார்த்தியா?" என்பதுதான் அடுத்த கேள்வியாக வரும். எங்களில் அதைவிடக் கேவலமான கேள்வி கிடையாது. கீழே விழுந்ததைத்தான் மோந்தேன் என்று வக்கீல் மாதிரி நின்று விளக்க எனக்குத் தைரியமில்லை. உத்தர வீதிச் சாமியும் மோந்து பார்க்க மாட்டார். கொடுக்கிறவளும் மோக்கக் கூடாது, வாங்குகிறவரும் மோக்கக் கூடாது. சன்னிதியிலிருந்து அது பிரசாதமாக வெளியே வரும்போதுதான் மனிதர்கள் மூக்குக்கும் வாய்க்கும் போகிறது. பிரசாதத்தைக் குறை சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்? கண்ணில் ஒற்றி, வாயில் போட்டு, எண்ணெய்க் கசப்போடு விழுங்கிவிட்டுப் போயிருப்பார்கள். நான் அதன் பிறகு கீழே விழுந்த கொத்தை எடுப்பதை நிறுத்திவிட்டேன்.

அதனால்தான் பேட்டரி படகு வரப்போகிறது என்ற செய்தி வந்தபோது, ஊரில் யாருக்கும் இல்லாத சந்தோஷம் எனக்கு. புகை கிடையாது, எண்ணெய் கிடையாது, சத்தம் கிடையாது என்றார்கள். எனக்குச் சத்தத்தைப் பற்றிக் கவலையில்லை. என் கூடை, துளசி பறித்த செடியின் வாசனையோடு அக்கரை போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான். அது நடந்துவிட்டால் இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்ததை நானும் மறந்துவிடலாம், பெருமாளும் மறந்துவிடுவார் என்று கணக்குப் போட்டேன்.

ஆடியில் விழா வைத்தார்கள். துறையில் சாமியானா பந்தல், சிவப்பு நாற்காலிகள், பிளாஸ்டிக் மாலை. பூ விளைகிற ஊரில் பிளாஸ்டிக் மாலை. பந்தலுக்குப் பின்னால் மைக் செட்டுக்காக ஒரு ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. காற்று எங்கள் பக்கம். புகையில்லாப் படகைப் பற்றிய பேச்சை முழுக்க முழுக்கப் புகைக்குள் உட்கார்ந்துதான் கேட்டோம். படகுக்குப் பொறுப்பான அதிகாரி காவிரித் தாயைப் பற்றிப் பேசும்போது குரல் தழுதழுத்தது. புகை அவர் தொண்டைக்கும் போயிருக்கலாம்.

ஆனால் படகு நல்ல படகு. அதைப் பொய் சொல்லக் கூடாது. வெள்ளையும் பச்சையுமாக, மேலே கூரை போட்டு, அடியில் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் இருந்தது. முதல் நாள் கிளம்பியதே தெரியவில்லை. கரை தானாக விலகிப் போனது. எனக்குப் பக்கத்தில் எப்போதும் உட்காரும் செவ்வந்திப்பூக்காரி, இன்ஜின் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசிப் பழகியவள். தன் மருமகளைப் பற்றி வழக்கம்போல ஆரம்பித்தாள். பாதி ஆறு வருவதற்குள் மொத்தப் படகும் அந்தக் கதையைக் கேட்டுக்கொண்டிருந்தது. மருமகளின் அண்ணனும் அதில் உட்கார்ந்திருந்தான்.

அன்று அக்கரையில் ஒரு கொத்து தானாகக் கீழே விழுந்தது. நானாகத் தள்ளவில்லை, சத்தியம். எடுத்து மோந்தேன். காரமாக, பச்சையாக, தொண்டை வரைக்கும் இறங்கியது. துறைப் படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். செவ்வந்திக்காரி, அவள் கதைக்காகத்தான் அழுகிறேன் என்று நினைத்து என் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

அது பன்னிரண்டு நாள் நீடித்தது.

அந்தப் பன்னிரண்டு நாளும் படகைச் செய்த கம்பெனிக்காரர்கள் லாரியில் மாற்றுப் பேட்டரி கொண்டுவந்து மாட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போனதும்தான் சார்ஜ் எங்கே போடுவது என்ற கேள்வி எழுந்தது. கரையில் அதற்கென்று கம்பம் நட்டிருந்தார்கள். கம்பத்தில் பெட்டி இருந்தது. பெட்டியில் கரண்ட் இல்லை. இணைப்புக்குக் கொடுத்த விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது என்று படகுக்காரர் சொன்னார்.

"ஏன் திரும்புச்சு?" என்றேன்.

"கதவு எண் போடலையாம்."

"எந்தக் கதவுக்கு?"

"தொறைக்குங்க. இணைப்பு எங்க வேணுமோ அந்த எடத்தோட கதவு எண்ணை எழுதணுமாம். கட்டம் காலியா இருந்தா கம்ப்யூட்டர் வாங்காதாம்."

ஆற்றங்கரைக்கு ஏது கதவு? அதை எழுதிக் கொடுத்தார்கள். மறுபடி திரும்பி வந்தது. கம்பத்தின்மேலேயே பெயின்ட்டில் ஒரு எண் எழுதி, அதைக் குறித்து அனுப்பினார்கள். அது கம்ப எண், கதவு எண் அல்ல என்று திரும்பி வந்தது. "ஒரு கதவைச் செஞ்சு கரையில நட்டு வெச்சிருவோமா?" என்றார் என் கணவர். அவர் விளையாட்டுக்குச் சொன்னார். படகுக்காரர் கொஞ்ச நேரம் நிஜமாகவே யோசித்தார்.

அதுவரை சும்மா இருக்க முடியுமா? ஒரு ஜெனரேட்டரைக் கொண்டுவந்து கரையில் வைத்தார்கள். அதில் சார்ஜ் ஏற்றிய பேட்டரி நாலு நடைக்குத்தான் வந்தது. ஒருநாள் ஆற்றின் நடுவில் படகு நின்று, நாங்கள் கீழ்நோக்கி மிதந்து, ஒரு நாணல் திட்டில் போய்ச் செருகிக்கொண்டோம். மறுநாள் ஜெனரேட்டரைத் தூக்கிப் படகிலேயே ஏற்றிவிட்டார்கள். பின்பக்கம் வைத்து, பச்சைத் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். பச்சைப் படகு, பச்சைத் தார்ப்பாய், உள்ளே டீசல்.

"இது என்னங்க பேட்டரி படகு?" என்று கேட்டேன்.

"பேட்டரியிலதாங்க ஓடுது" என்றார் படகுக்காரர். "பேட்டரிக்கு ஜெனரேட்டரு. ஜெனரேட்டருக்கு டீசலு." சொல்லும்போது அவரே என் முகத்தைப் பார்க்கவில்லை.

பழைய படகில் கூரையாவது கிடையாது, காற்று புகையைத் தூக்கிக்கொண்டு போகும். இதில் அழகாகக் கூரை போட்டிருந்தார்களே, புகை அதற்குக் கீழேயே சுற்றிக்கொண்டிருந்தது. 'சரக்குகள் பின்புறம் வைக்கவும்' என்று எழுதி ஒட்டியும் விட்டார்கள். என் கூடை தார்ப்பாயை ஒட்டி உட்கார்ந்தது. நான் வாயால் மூச்சு விட்டுக்கொண்டு வந்தேன்.

இதோடு விட்டிருந்தால்கூட நான் பழையபடி வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். டீசலுக்குப் பழகியவள்தானே. புகையில்லாப் படகு புகைகிறது என்று யாரோ மேலிடத்துக்கு எழுதிப் போட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. உடனே தூய எரிபொருள் வந்தது. மஞ்சள் கேன்களில் வந்தது. தில்லை நகர்ப் பக்கம் ஓட்டல்களில் பொரித்து மீந்த எண்ணெயை வாங்கி, வடிகட்டி, டீசலில் கலந்து ஊற்றுகிறார்களாம். முறையாகச் செய்தால் நல்ல எரிபொருள்தான் என்று படித்தவர்கள் சொல்கிறார்கள், இருக்கட்டும். இங்கே எந்த முறையில் செய்தார்கள் என்பதைக் கேனின் வாயில் ஒட்டியிருந்த பொரித்த கறிவேப்பிலையே சொல்லியது.

முதல் நாள் ஜெனரேட்டரைப் போட்டதும் படகில் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். விடிந்தும் விடியாத நேரத்தில் படகு முழுக்கப் பொரித்த வாசனை. முதலில் பஜ்ஜி மாதிரி இருந்தது. பிறகு வெங்காயம். ஆற்றின் நடுவில் போனபோது சந்தேகமே இல்லை, சிக்கன் சிக்ஸ்டி ஃபைவ்.

"இது செடியிலேர்ந்து எடுக்குற எண்ணெயாம்க்கா, ரொம்பச் சுத்தமாம்" என்றாள் செவ்வந்திக்காரி.

"எந்தச் செடியில கோழி காய்க்குது?" என்றேன்.

எனக்குக் கோழி பிடிக்காது என்றில்லை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டிலும் குழம்பு கொதிக்கும். ஆனால் அன்றைக்குத் துளசிக் கொல்லைப் பக்கம் நான் தலைகாட்ட மாட்டேன். சாமி வீட்டிலோ வெங்காயமே உள்ளே வராது. டீசலுக்கு ஆசாரத்தில் தடையில்லை, சாஸ்திரம் எழுதியவர்கள் அதைப் பார்த்ததில்லை. வெங்காயத்துக்குத் தடை உண்டு. மாமிசத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். அந்த எண்ணெய்ப் புகை என் கூடையின் ஈரத்துணிக்குள் நுழைந்து நுழைந்து போவதைப் பார்த்துக்கொண்டே அக்கரை வரைக்கும் வந்தேன். கீழே விழுந்த கொத்தைத் தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

அன்றும் கூடையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மறுநாளும் கொடுத்தேன். மூன்றாவது நாள் சாமி கூடையை வாங்கி உள்ளே போனதும், அவர் வீட்டு மாமி வாசலுக்கு வந்து தெருவை இப்படியும் அப்படியும் பார்த்தார்.

"கார்த்தாலேயே யாரோ பஜ்ஜி போடறா போலிருக்கு. தெனம் இந்த நேரத்துக்கு வாசனை வரது. யாராத்துலேன்னுதான் தெரியலை" என்றார்.

பஜ்ஜி வாசனைதான் அந்த மாமிக்குத் தெரியும். மற்றது அவருக்குத் தெரியவே தெரியாது. அவர் கோயில் பக்கம் கும்பிட்டுவிட்டு உள்ளே போனார். நான் சாக்கடை ஓரமாகப் போய்க் குனிந்து நின்றேன். வாந்தி வரவில்லை, வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அந்த வாரமே அதிகாரி படகைப் பார்வையிட வந்தார். விழாவில் குரல் தழுதழுத்த அதே அதிகாரிதான். கூடவே போட்டோ எடுக்க ஒருவர். அதிகாரி படகின் முனையில், காற்று வருகிற பக்கமாக நின்றுகொண்டார். ஆறு, வானம், அவர் முகம் எல்லாம் போட்டோவில் விழும்படி நின்றார். தார்ப்பாய் விழவில்லை. "நல்ல முன்மாதிரித் திட்டம்" என்று யாருக்கோ போனில் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. பின்னால் போய் என் கூடையைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்து, ஈரத்துணியை விலக்கி, அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"சார், இதைக் கொஞ்சம் மோந்து பாருங்க."

"என்னம்மா இது?"

"துளசி. சன்னிதிக்குப் போறது. உங்க சுத்தமான எண்ணெயில என்ன வாசனை வருதுன்னு நீங்களே சொல்லுங்க."

அவர் ஒரு அடி பின்வாங்கினார். செருப்பைக் கழற்றினார். இரண்டு கையாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ஐயையோ, சாமிக்குப் போறதை மோந்து பார்க்கலாமாம்மா? நான் புரட்டாசி பூரா விரதம் இருக்கறவன். அபச்சாரம். மூடுங்க, மொதல்ல மூடுங்க."

இத்தனை வருஷம் என் வாயை மூடிய அதே வழக்கத்தை எடுத்து அவர் தன் மூக்கை மூடிக்கொண்டார். எனக்கு உச்சந்தலைக்கு ஏறியது. கூடைக்குள் முகத்தை வைத்து, மூக்கைத் துளசியில் புதைத்து, நன்றாக இழுத்து மோந்தேன். ஒருமுறை அல்ல, மூன்று முறை. வாழ்நாளில் முதல்முறையாக ஒரு முழுக் கூடையை மோந்தேன்.

"சிக்கன் சிக்ஸ்டி ஃபைவ் சார்" என்றேன். "வெங்காயமும் இருக்கு. இனிமே இது எச்சி. இப்ப நீங்க தாராளமா மோக்கலாம்."

அவர் மோக்கவில்லை. எனக்குப் பக்கத்தில் நின்ற பெண்கள் மெதுவாக நகர்ந்துகொண்டார்கள். "என்னக்கா இப்படிப் பண்ணிட்டீங்க, சாமி கூடையை?" என்றாள் செவ்வந்திக்காரி. அவள் கண்ணில் நிஜமான அருவருப்பு இருந்தது. ஜெனரேட்டரைப் பார்த்து ஒருநாளும் அவள் அப்படி முகம் சுளித்ததில்லை. அக்கரை வந்ததும் எல்லோரும் இறங்கிப் போனார்கள். நான் இறங்காமல் அதே படகில் திரும்பினேன். வீட்டுக்கு வந்து அந்தத் துளசியை ஆட்டுக்குப் போட்டேன். ஆடு மோந்து பார்த்துவிட்டுத் தள்ளிப் போனது. அந்த வாரம் முழுவதிலும் நான் பார்த்த ஒரே நேர்மையான காரியம் அதுதான்.

மறுநாள் வழக்கத்துக்கு முன்னால் எழுந்து, ஒரு சின்னக் கூடையோடு பஸ் ஏறினேன். கண்டக்டர் முனகினார், நான் கண்டுகொள்ளவில்லை. சத்திரத்தில் இறங்கி அடுத்த பஸ். வழி முழுக்க ஒன்றைத்தான் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன். சாமியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். டீசல் ஏறியதை, ஓட்டல் எண்ணெய் ஏறியதை, தெரிந்தே கொண்டுவந்து கொடுத்ததை. இனி நீ வர வேண்டாம் என்று சொன்னால் வரக் கூடாது. காவிரிப் பாலத்தில் பஸ் ஏறியபோது மனசு லேசாகக்கூட இருந்தது.

போய்ச் சேரும்போது வெயில் வந்துவிட்டது. சாமி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். மாலை கட்டுகிற நார் கையில் அப்படியே இருந்தது.

"நேத்திக்கு ஏம்மா வரலே? சன்னிதியிலே திருத்துழாய் இல்லாம ஆயிடுத்து. ஒடம்பு சரியில்லையா?"

"இல்ல சாமி. கூடையை மோந்து பார்த்துட்டேன்."

அவர் முகம் மாறியது. "தெரியாமயா?"

"தெரிஞ்சேதான் சாமி."

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். ஒரு படி இறங்கி என் பக்கத்தில் வந்தார். குரலை இறக்கிக்கொண்டு கேட்டார்.

"என்ன வாசனை?"

தினமும் தீர்த்தத்தோடு அந்தத் துளசியை முதலில் வாயில் போட்டுக்கொள்கிறவர் அவர்தான். எழுபது வயதுக்கு மேல் ஆகிறது. அவர் விரல் நுனியெல்லாம் துளசிக் கறை. அந்தக் கண்களைப் பார்த்துக்கொண்டு கோழி என்ற சொல்லை என்னால் சொல்ல முடியவில்லை.

"டீசல்தான் சாமி" என்றேன்.

அவருக்கு மூச்சே அப்போதுதான் வந்தது போலிருந்தது. "டீசல்தானே?" என்று சிரித்தார். "அது எனக்கு எத்தனையோ வருஷமாத் தெரியும்மா. வாசனை தெரிஞ்சுதுன்னு வாய்விட்டுச் சொன்னா, மோந்து பார்த்தேன்னு ஆயிடும். அதான் கேக்கலை. கொஞ்ச நாளா வேற என்னமோன்னு மனசு கெடந்து அடிச்சுண்டது. டீசல்னா சரி, போறது." கூடையின்மேல் தண்ணீர் தெளித்து, கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

எனக்கும் கொஞ்சம் சிரிப்பு வந்தது. இத்தனை வருஷம் இரண்டு பேரும் ஒரே கூடைக்கு இரண்டு பக்கம் நின்று மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறோம். அதற்குள் மாமி உள்ளேயிருந்து ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். என்னைப் பார்த்தார், கூடையைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார்.

"அதிசயம்தான். நேத்திக்கும் இல்லே, இன்னிக்கு இவ வந்தும் வரலையே அந்தப் பஜ்ஜி வாசனை" என்றார். "ஏம்மா, பஸ்ஸிலேயா வந்தே? படகு இல்லையா?"

சாமி கூடையைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் அவர் காலைப் பார்த்தேன். அவர் கூடையை மெதுவாக வாசற்படியில் இறக்கி வைத்தார். உள்ளே போனார்.

குழாயடியில் அவர் வாய் கொப்பளிக்கும் சத்தம் கேட்டது. துப்பினார், மறுபடி கொப்பளித்தார், மறுபடி துப்பினார். நான் படியிறங்கி, தெருமுனை திரும்பும் வரைக்கும் அது நிற்கவில்லை.